வெயிலில் காயவைத்த தொலைநோக்கி

"வெயிலை மறைக்காமல் அந்தப் பக்கத்தால நிண்டு பார்" என்று மகளிடம் சொன்னது நான்தான். குசினி யன்னலோரம் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபடி முற்றத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் சொன்னபடியே செய்தாள். மூன்று செக்கன் இருக்கும். முடி கருகிய மணம் யன்னலுக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான் அவள் கத்தியது என் காதில் விழுந்தது. மணம் சத்தத்துக்கு முதல் வராதுதான். எனக்கு அந்த வரிசையில்தான் நினைவிருக்கிறது.

இதை எழுதும்போதும் பதினொரு மணி தாண்டினால் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு போன் எடுக்கிறேன். "மூடி போட்டிருக்கா?" என்று கேட்கிறேன். "போட்டிருக்கு" என்று மனைவி சொல்கிறாள். முன்பு "போட்டிருக்கு, போட்டிருக்கு" என்று இரண்டு தரம் சொல்வாள். இப்போது ஒரு தரத்தோடு வைத்துவிடுகிறாள்.

நான் ஒரு படவரைஞன். வாய்க்கால், மதகு, சின்னப் பாலம் என்று அரசாங்கத்துக்குக் கோடு போட்டே இருபத்தைந்து வருடங்கள் போய்விட்டன. வீடு துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில். மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள், ஒரே பிள்ளை. இரண்டு வருடமாக அவளுக்கு வானத்துப் பைத்தியம். சேர்த்து வைத்த காசையும் பிறந்தநாளுக்கு எல்லோரும் கொடுத்ததையும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை நான் போட வேண்டும் என்று ஒருநாள் போனில் இரண்டு படங்களைக் காட்டினாள். இரண்டுமே கொழும்பில் யாரோ பாவித்துவிட்டு விற்கிற தொலைநோக்கிகள்.

ஒன்று சின்னது. முன்னால் மூன்று அங்குல வில்லை. மடித்தால் பள்ளிக்கூடப் பைக்குள் போகும். மற்றது பெரியது. எட்டு அங்குல ஆடி வைத்த குழாய், நீளம் என் நெஞ்சு உயரம். அதை வைத்துத் திருப்புவதற்குத் தனியாக ஒரு மரப்பெட்டி. குழாயை ஒருவர் தூக்கலாம், பெட்டியை ஒருவர் தூக்கலாம், இரண்டையும் ஒருவரே தூக்க ஏலாது.

"எனக்குச் சின்னது போதும் அப்பா" என்றாள். "பாக்கில வைச்சு பஸ்ஸில ஏறினா பெரியம்மா வீடு. அங்க வானம் எவ்வளவு இருட்டு தெரியுமே?"

பெரியம்மா என்றது என் மனைவியின் அக்கா. ஈச்சிலம்பற்றில் வயலோடு இருக்கிறா. அங்கே பொழுது பட்டால் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல், இடையில் ஒரு விளக்கு. எங்கள் வீட்டு முற்றத்தில் அப்படியில்லை. இறங்குதுறை விளக்குகள் விடிய விடிய எரியும். வானம் பழைய சேட்டின் கொலர் மாதிரி ஒரு மஞ்சளாகவே இருக்கும்.

நான் சதுரக்கோட்டுத் தாள் எடுத்தேன். அடிமட்டம் வைத்து இரண்டு தொலைநோக்கியையும் வரைந்தேன். தொலைநோக்கியில் வாய் அகலம்தான் எல்லாம் என்று விளங்கப்படுத்தினேன். உருப்பெருக்கத்தைக் கூட்டிச் சொல்லி எவரும் ஏமாற்றலாம், வாய் அகலத்தில் ஏமாற்ற முடியாது. எட்டங்குல வட்டம் மூன்றங்குல வட்டத்தைவிட ஏழு மடங்கு வெளிச்சத்தை அள்ளும். சமாந்தரமாக வருகிற கதிர்கள் அடியிலுள்ள குழிவாடியில் பட்டு, ஒடுங்கிக்கொண்டு மேலே திரும்பி வந்து, வாய்க்குக் கிட்ட இருக்கிற சின்ன ஆடியில் பட்டு, பக்கத்திலுள்ள ஓட்டையால் கண்ணுக்குப் போகும். சிவப்புப் பேனையால் ஒவ்வொரு கதிரையும் கீறினேன். வடிவான படம். எல்லாக் கதிரும் நேராக வந்தன, எல்லாக் கதிரும் ஒழுங்காகக் கண்ணுக்குப் போயின.

"ஏழு மடங்கு, பிள்ளை. ஒருக்கா வாங்கிறதை உருப்படியா வாங்குவம்."

"பெரிசெண்டா ஆரப்பா தூக்கிறது?"

"தூக்கத் தேவையில்லையே. முற்றத்தில வைச்சுப் பார்."

"முற்றத்தில வைச்சா இறங்குதுறை லைட்டும் ஏழு மடங்காத் தெரியும்."

மனைவி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "இப்ப கீறுங்கோ பாப்பம்" என்றாள். நான் அதற்குக் கீறவில்லை. பெரியதைத்தான் வாங்கினேன்.

உண்மையான காரணத்தை அந்தத் தாளில் எங்கும் எழுதவில்லை. அவள் பஸ்ஸில் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, ஒரு வயல் வரம்பில் இருட்டுக்குள் நிற்பாள் என்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. இருட்டுக்குள் பிள்ளையை அனுப்பிப் பழகாத வீடு எங்களுடையது. நானும் அப்படித்தான் வளர்ந்தவன். போகாதே என்று சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. தூக்க ஏலாத ஒன்றை வாங்கிக் கொடுத்தால் ஏன் என்ற கேள்வியே வராது. பௌதிகவியல் என் பக்கம் நின்றது. சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நாங்கள் நானா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணரின் சின்ன லொறியில்தான் அது வந்து இறங்கியது. நானா பிறந்தது கிண்ணியாவில், கலியாணம் முடித்து எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர். கொழும்புக்குச் சாமான் ஏற்றப் போய்த் திரும்பி வரும்போது கொண்டு வந்தார். குழாயின் ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் பிடித்து இறக்கினோம்.

"என்ன சேர் இது, தண்ணித் தாங்கியா?"

"நட்சத்திரம் பாக்கிறது நானா."

"அப்ப கிண்ணியாவுல எங்கட உம்மா ஊட்டுல இண்டைக்கு என்ன கறி எண்டு பாத்துச் செல்லுங்களன். நான் போறதா இல்லையா எண்டு முடிவெடுக்கணும்."

மகள் அன்று மாலையே சந்திரனைப் பார்த்தாள். சில மாதங்களில் சனிக்கோளின் வளையம் தெரிந்தது. என்னையும் தாயையும் வரிசையில் நிற்க வைத்துக் காட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் மங்கலான எதைத் தேடினாலும் அந்த மஞ்சள் குறுக்கே நின்றது. ஆவணி விடுமுறையில் பெரியம்மா வீட்டுக்குத் தாயோடு போனவள் அங்கிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். "அப்பா, இஞ்ச பால்வீதி தெரியுது. வெறுங்கண்ணால." அவ்வளவுதான். நான் ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பிவிட்டேன்.

அந்த வருடம் மாரி விடாமல் பெய்தது. இங்கே கடல் ஈரமும் மழை ஈரமும் சேர்ந்தால் வீட்டுக்குள் தப்புகிற சாமான் கிடையாது. அலுமாரிக்குள் கழற்றி வைத்த சப்பாத்து பச்சையாகும். கல்யாண அல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொள்ளும். அதனால் மழை விட்டு முதல் நல்ல வெயில் எறித்ததும் ஊர் முழுக்க ஒரே வேலைதான். மெத்தை, தலையணை, சான்றிதழ்க் கோவைகள், பட்டுச்சீலை, கருவாடு, மிளகாய் எல்லாம் முற்றத்துக்கு வரும். ஒழுங்கையில் நடந்தால் ஒவ்வொரு வீட்டின் உள்பக்கமும் வெளியே கிடக்கும். மெத்தைக்கு ஒரு முறை இருக்கிறது. வெயில் நகர நகர அதையும் திருப்ப வேண்டும், எந்தப் பக்கம் ஈரமோ அந்தப் பக்கத்தில் வெயில் நேராக விழ வேண்டும், யாரும் குறுக்கே நின்று நிழல் படுத்தக்கூடாது. சின்ன வயதில் எத்தனை தரம் அதற்காகப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை தொலைநோக்கியின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஆடியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். மனைவி பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு எடுக்கப் போயிருந்தாள். நான் குழாயை மட்டும் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து, முற்றத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் சாய்த்தேன். மெத்தையைத் திருப்புகிற மாதிரித் திருப்பினேன். வெயில் அடிவரை போகிறதா என்று குழாயின் நிழலைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். ஈரம் எங்கேயோ வெயில் அங்கே விழ வேண்டும்.

சூரியனைத் தொலைநோக்கியால் பார்க்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. வாங்கிய அன்றே குழாயில் சிவப்பு எழுத்தில் அதை எழுதி ஒட்டியவன் நான். பார்க்கிற ஓட்டையை நன்றாக மூடித்தான் வைத்தேன். யாரும் பார்க்கப் போவதில்லை, இது காயத்தானே வைத்திருக்கிறது என்று நினைத்தேன். என் படத்தில் கதிர்கள் அந்த ஓட்டையால் மட்டும்தான் வெளியே வந்தன. சற்றே சரிந்து வருகிற வெயில் சின்ன ஆடியைத் தவறவிட்டு, ஒடுங்கி ஒடுங்கி, குழாயின் வாயாலேயே திரும்ப வெளியே வந்து, வாய்க்கு நாலு விரல் தள்ளி ஒரு புள்ளியில் கூடும் என்பதை நான் கீறியிருக்கவில்லை. வெறும் காற்றில் நிற்கிற புள்ளி. குறுக்கே ஏதாவது வரும்வரை அது கண்ணுக்குத் தெரியாது.

தேத்தண்ணி போட உள்ளே போனேன். மகள் வெளியே வந்தாள்.

"என்னப்பா செய்யுறீங்கள்?"

"பூஞ்சணம் பிடிச்சிட்டு. காயுது."

"எங்க, எவ்வளவு எண்டு பாப்பம்."

குனிந்தாள். அவளுடைய தலை நிழல் குழாயின் வாயில் விழுந்தது. அப்போதுதான் குசினி யன்னலில் நின்று நான் அதைச் சொன்னேன், வெயிலை மறைக்காமல் நின்று பார் என்று. அவள் நிழல் விழாதபடி மற்றப் பக்கம் சுற்றிப் போய் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். நிழல் விழுந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவளுடைய தலையே அவளைக் காப்பாற்றியிருக்கும்.

கோப்பை என் கையிலிருந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் போனபோது அவள் நிலத்தில் குந்தியிருந்து, வலக் கண்ணை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு, "அப்பா, ஏதோ குத்திட்டு, ஏதோ குத்திட்டு" என்றாள். குளவி என்று நினைத்திருக்கிறாள். கையை எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. முன் நெற்றி முடி சுருண்டு போயிருந்தது.

நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். லொறியை எடுக்கத் திறப்போடு வந்தார். முன் இருக்கையில் மூன்று பேரும் நெருங்கி இருந்தோம். எப்போதும் வாய் ஓயாத மனிதர், அன்று ஒரே ஒரு தரம்தான் பேசினார். "கண்ணக் கசக்காதீங்க மகள். வந்திட்டம்." ஆஸ்பத்திரி வாசலில்தான் பார்த்தேன், என் காலில் செருப்பில்லை.

மனைவி வகுப்பை விட்டு ஓடி வந்தாள். "என்னப்பா நடந்தது?" என்று கேட்டாள்.

"வெயில் பட்டிட்டு" என்றேன்.

மகள் பஞ்சு வைத்த கண்ணோடு கட்டிலில் இருந்தாள். திறந்திருந்த மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

கண் டொக்டர் இளம் பெண். மருந்து விட்டு, கருமணி விரியும்வரை காத்திருந்து, தன் கருவியால் நீண்ட நேரம் பார்த்தா. புருவமும் இமை மயிரும் எரிந்திருந்தன. புருவத்துக்கு மேலே சின்ன விரல் நகத்தளவில் வட்டமாகத் தோல் வெந்திருந்தது. கம்பாசால் கீறியது மாதிரி வட்டம்.

"உள்ளுக்கு இப்ப ஒரு பாதிப்பும் தெரியேல்லை" என்றா. "ஆனா வெளிச்சம் எவ்வளவு உள்ளுக்குப் போனது எண்டு இண்டைக்கே சொல்ல ஏலாது. ரெண்டு கிழமையால கூட்டிக்கொண்டு வாங்கோ. இடையில நடுப்பார்வையில கறுப்பா ஏதும் தெரிஞ்சா உடனே வாங்கோ." பிறகு தன் பேனையின் நுனியால் வெந்த இடத்திலிருந்து கண் மூலைவரை காட்டினா. "இவ்வளவுதான் இடைவெளி." பேனை மூடியின் அளவுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் நித்திரையாக இருந்த மதியத்தில் நான் அதைத் திரும்ப வெளியே எடுத்தேன். ஏன் என்று கேட்டால், எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதே கதிரை, அதே சாய்வு. பழைய யன்னல் பலகைத் துண்டு ஒன்றைத் தடியில் கட்டி, தூர நின்று, குழாயின் வாய்க்கு முன்னால் மெல்ல நகர்த்தினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பலகையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பார்க்க ஏலாத வெள்ளை. வாய்விட்டு ஒன்று என்று எண்ணினேன். இரண்டு சொல்வதற்குள் புகை நூலாக எழும்பியது. நான்கில் பலகை தீப்பிடித்துக்கொண்டது. தேக்குப் பலகை. நான் முற்றத்து மணலில் குந்திவிட்டேன். ஏழு மடங்கு என்று கோடு போட்டு விளங்கப்படுத்தியவனுக்கு அந்த ஏழு மடங்கு என்ன செய்யும் என்று தெரிந்திருக்கவில்லை.

எழும்பி மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பினால் விறாந்தையில் இரண்டு பேரும் நின்றார்கள். புகை மணம் எழுப்பியிருக்கிறது. மனைவி பலகையைப் பார்த்தாள், மகளின் நெற்றியைப் பார்த்தாள். அப்போது சொன்னேன். வெயிலை மறைக்காமல் நிற்கச் சொன்னது நான்தான் என்று.

"எனக்குத் தெரியாதே அப்பா?" என்றாள் மகள். "எனக்குத்தானே சொன்னனீங்கள்."

"அப்ப ஏன் அம்மாட்டச் சொல்லேல்லை?"

"உங்கட முகத்தைப் பாத்தா ஆருக்குச் சொல்ல மனம் வரும்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொன்ன வாய் மற்றதையும் சொல்லிவிட்டது. பெரியதை வாங்கினது வெளிச்சத்துக்காக இல்லை, அவள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகக்கூடாது என்பதற்காகத்தான் என்றும் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. காயத்தின் தோல் இழுபட்டு நொந்திருக்க வேண்டும், கையை வைத்தாள்.

"அது கை தவறினது. இது நினைச்சுச் செய்தது." குரல் உயரவேயில்லை. "படம் எல்லாம் கீறிக் காட்டினீங்கள் அப்பா. நான் அந்தத் தாளை மேசைக்கு மேல ஒட்டி வைச்சிருக்கிறன்."

பின்னேரம் பார்த்தேன், தாள் சுவரில் இல்லை.

இரண்டு கிழமை அவள் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். நானோ அவளை விடவில்லை. இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு நாட்காட்டியை வாசி என்பேன். அங்கே வருகிற பஸ்ஸின் பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பேன். சோற்றுக் கோப்பையில் நடுவில் கறுப்பாக ஏதும் தெரிகிறதா என்றும் கேட்டேன். "ஓம், கத்தரிக்காய்" என்றாள். மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தில் ஒரு மதகுப் படத்தில் ஒரே அளவை இரண்டு தரம் பிழையாகப் போட்டேன். ஒவ்வொரு வட்டம் கீறும்போதும் கம்பாசை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

இரண்டாம் தரம் போன அன்று டொக்டர் அவளை எழுத்து அட்டைக்கு முன்னால் இருத்தினா. இடக் கண்ணை மறைக்கச் சொன்னா. மகள் மேலிருந்து வாசித்தாள். பின்னால் நின்ற நானும் என் இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு அவளோடு சேர்ந்து மனதுக்குள் வாசித்தேன். ஐந்தாம் வரியில் நான் நின்றுவிட்டேன், எனக்கு எழுத்துகள் கலங்கின. அவள் ஆறாவதையும் வாசித்தாள். கடைசி வரியையும் வாசித்தாள். டொக்டர் திரும்ப மருந்து விட்டுப் பார்த்தா. "நல்லா இருக்கு" என்றா. "தழும்பு மட்டும் கொஞ்ச நாளைக்கு இருக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் இருங்கோ, உங்களுக்குத்தான் முகம் வெளிறியிருக்கு" என்று கதிரையை இழுத்துப் போட்டா.

வெளியே வந்து, வெளிச்சம் கூசுகிறது என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மகள் சொன்னாள்: "வாற சனிக்கிழமை ஈச்சிலம்பற்றுக்குப் போறன். டெலஸ்கோப்போட."

"எப்பிடித் தூக்குவாய்?"

"நானாட லொறியில. அவர் அந்தப் பக்கம் நெல்லு ஏத்தப் போறாராம். கேட்டிட்டன். இறக்கப் பெரியப்பா நிக்கிறார்."

"அப்ப நானும்..."

"வேண்டாம் அப்பா."

வாயில் வந்த எல்லாவற்றையும் விழுங்கினேன். வயல் வரம்பு, பாம்பு, யானை, கடைசி பஸ். சரி என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்க வீடுவரை நடக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை நானாவும் நானும் அதைப் பழைய மெத்தையில் சுற்றி லொறியில் ஏற்றினோம். மூடிக்கு மேலே துணி போட்டு, துணிக்கு மேலே கயிறு போட்டு, ஐந்து முடிச்சுப் போட்டேன்.

"சேர், இத மகள் அவுக்கணுமா இல்ல நாங்க வெட்டணுமா?" என்று கேட்டார் நானா.

"பொழுது பட்டாப் பிறகுதான் அவிழ்க்க வேணும்" என்றேன்.

"நீங்க கட்டின கட்டுக்கு எப்பிடியும் பொழுது பட்டுரும்."

மகள் முன் இருக்கையில் ஏறினாள். புருவத்துக்கு மேலே அந்த வட்டம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. லொறி ஒழுங்கை முனையில் திரும்பும்போது கையை வெளியே நீட்டி ஒரு தரம் அசைத்தாள். எனக்கா, தாய்க்கா என்று தெரியவில்லை.

அன்று முழுக்க நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இரவு ஏழு மணிக்குப் பிறகு அழைப்பு வந்தது. பின்னால் தவளைச் சத்தம்.

"ஐஞ்சாவது முடிச்சு அவிழேல்லை. பெரியம்மா கத்தியால அறுத்தா" என்றாள். அத்தோடு போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"வலக் கண்ணாலதான் பாத்தனான்" என்றாள்.